லாயத்து வாசலில் வெப்பமானி

குதிரையேற்றப் போட்டிகளில் பெருந்தொற்றுக் கால நலவிதிகள் எவ்வாறு கடைப்பிடிக்கப்பட்டன என்று பேச முற்படும்போது, அங்கே ஒரே சமயத்தில் இரண்டு விதித்தொகுதிகள் நடப்பில் இருந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்று மனிதர்களுக்கானது, 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடைமுறைக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை ஒட்டித் தேசியப் பாதுகாப்பு மன்றமும் சுகாதார அமைச்சும் வெளியிட்ட, ஊரெங்கும் 'எஸ்.ஓ.பி.' என்ற பெயராலேயே அறியப்பட்ட செயல்பாட்டு விதிகள் அவை. மற்றது குதிரைகளுக்கானது, எழுத்தில் சிறிதும் வாய்மொழியில் பெரிதுமாக லாயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தனிமைப்படுத்தல் வழக்கங்களும், பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் வகுத்திருக்கும் கால்நடை மருத்துவ விதிகளும் அதில் அடங்கும். பேராக் மாநிலத்தில், தைப்பிங்கிலும் ஈப்போவிலும், இவ்விரண்டையும் தம் கையால் நடத்திக் காட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆள்கள்தாம். அவர்களுக்குச் சைஸ் என்று பெயர். வாசலில் ஒட்டிய தாளாக மட்டும் வந்த விதிகள் தளர்ந்துபோக, லாயத்துப் பழைய வழக்கத்தின் மேல் வந்து படிந்த விதிகள் மழையிலும் கலையாமல் நின்றன என்பதே அக்காலத்தை அருகிருந்து பார்த்தவர் என்ற முறையில் இதை எழுதுபவரின் கருத்து.

சைஸ் என்பது அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாய்க்கும் மலாய் மொழிக்கும் சென்று, மலேசியத் தமிழர் பேச்சிலும் நிலைத்துவிட்ட சொல். குதிரைக்குத் தீனி வைத்து, உடம்பு தேய்த்து, லத்தி வாரி, சேணம் கட்டி, போட்டித் திடல்வரை நடத்திக் கொண்டுபோய், திரும்பி வந்ததும் வியர்வை ஆற்றிக் குளிப்பாட்டும் ஆளை அது குறிக்கிறது. எழுதுபவரின் தந்தை ஈப்போப் பந்தய லாயங்களில் முப்பது ஆண்டுகள் சைஸாக இருந்தவர். குடும்பத்தைத் தைப்பிங்கில் விட்டுவிட்டு லாயத்தை ஒட்டிய வரிசைவீட்டில் தங்கி, மாதம் இருமுறை ஊர் வருவார். வந்த கையோடு பிள்ளைகளைத் தூக்கமாட்டார். பின்கட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவார். லாயத்துக்குத் திரும்பும்போதும் அதே ஒழுங்கு. வழியில் வேறொருவரின் குதிரையைத் தொட்டுவிட்டால் கை கழுவாமல் தம் குதிரையிடம் போகமாட்டார். ஒரு குதிரைக்கு ஒரு வாளி, ஒரு தேய்ப்பான், ஒரு கழுத்துக் கயிறு. புதிதாக வந்த குதிரைக்கு இரண்டு வாரம் வரிசையின் கடைசிக் கொட்டடி. இருமும் குதிரையை எல்லாவற்றுக்கும் கடைசியில் கவனிப்பது, கவனித்த பிறகு வேறெதையும் தொடாமல் வெளியேறிவிடுவது. இந்த விதிகளில் எதையும் அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

இவற்றுள் வெப்பமானியின் பயன்பாடு தனியே சொல்லத் தக்கது. குதிரையின் உடல் வெப்பத்தை ஆசனவாயில் வைத்துத்தான் அளப்பார்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகை வரை இருப்பது இயல்பு. வெப்பமானியின் மறுமுனையில் ஒரு முழம் நூல் கட்டி, நூலின் நுனியில் துணி காயப்போடும் கவ்வியை மாட்டி, கவ்வியை வால்மயிரில் கடிக்கவிட்டுவிட்டால், குதிரை உதறினாலும் கருவி கீழே விழாது, உள்ளேயும் போய்விடாது. காலையில் தீனிக்கு முன்பு, உடம்பு சூடேறும் முன்பு, வலக்கையால் வாலை ஒதுக்கி இடக்கையால் தொடையைத் தட்டிவிட்டு அதைச் செருகும்போது, தந்தை பின்புறம் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நிற்பார். உதை வாங்காமலிருக்க அதுவே பாதுகாப்பான இடம். வாசித்த எண்ணைக் கொட்டடிக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். ஐம்பது ஆண்டுகள் கழித்து உலகமே நெற்றியில் வெப்பமானியை நீட்டிக்கொண்டு நின்றபோது, லாயத்து ஆள்களுக்கு அதில் புதிதாகத் தெரிந்தது கருவியை வைக்கும் இடம் ஒன்றுதான்.

மலாயாவில் குதிரை உள்ளூர் விலங்கு அன்று என்பதும், அது எப்போதும் கடல்கடந்து, அதனால் நோய் பற்றிய அச்சத்தோடு சேர்ந்தே வந்தது என்பதும் இங்கு நினைவில் கொள்ள வேண்டியவை. 1879-இல் தைப்பிங்கைக் கடந்து கோல கங்சார் சென்ற ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்டுக்கு யானைதான் ஏறிச் செல்லக் கிடைத்தது. பின்னர் ஆஸ்திரேலியக் குதிரைகளும் சுமத்திராவின் மட்டக்குதிரைகளும் கப்பலில் வந்தன; அவற்றோடு 'சுர்ரா' என்னும் இரத்தக் காய்ச்சலும் பேசப்படலாயிற்று. கடிக்கும் ஈக்களால் பரவும் அந்நோயின் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் கண்டறிந்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மலாய் மாநிலங்களின் குதிரைகளையும் மாடுகளையும் பிடித்தது. அதே கடல்வழியில் வந்த தமிழர்களின் கதையும் வேறில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்கள் பினாங்கை அடுத்த பூலாவ் ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டு, அம்மையோ காலராவோ இல்லை என்று உறுதியான பிறகே கரைக்கு அனுப்பப்பட்டார்கள். எழுதுபவரின் பாட்டனார் அத்தீவில் வரிசையில் உட்கார வைக்கப்பட்டதைச் சொல்லும்போதெல்லாம், சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாசனையைத்தான் முதலில் சொல்வார். தனிமைப்படுத்தல் என்பதைப் பேராக்கின் இந்திய வம்சாவளியினர் 2020-இல்தான் முதன்முறையாக அனுபவித்தார்கள் என்று எண்ணுவது சரியாகாது.

குதிரைகளுக்கு வந்த பெருந்தொற்றுகளும் மனிதரின் அன்றாடத்தைப் பலமுறை நிறுத்தியிருக்கின்றன. 1872-இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கி வட அமெரிக்கா முழுவதும் பரவிய குதிரைக் காய்ச்சலின்போது வண்டிகள் ஓடவில்லை; அவ்வாண்டு நவம்பரில் பாஸ்டன் நகரம் எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. 2007 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவுக்குள் முதன்முறையாகக் குதிரை இன்ஃபுளுவென்சா நுழைந்து பந்தயங்கள் நின்றபோது, அதை விசாரித்த இயான் கல்லினன் ஆணையம் சுட்டிய குறை இன்னும் நெருக்கமானது. இறக்குமதிக் குதிரைகளை வைத்திருந்த தனிமை நிலையத்துக்குள் வந்துபோனவர்கள் உடை மாற்றுவதும் உடம்பு கழுவுவதும் உரியபடி கண்காணிக்கப்படவில்லை என்பதே அக்குறை. இந்தச் செய்தியை எழுதுபவர் அக்காலத்தில் தம் தந்தைக்கு வாசித்துக் காட்டினார். தந்தை நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "சட்டைய கழட்டிப் போட்டுட்டு வர சொல்லி ஆள் இல்லயா அங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேராக்கைப் பொறுத்தவரை, அதற்கு முன்பே நிப்பா வந்திருந்தது. 1998-இன் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டு, கொசு மருந்தும் தடுப்பூசியுமாகச் சில மாதங்கள் கழிந்து, நெகிரி செம்பிலானுக்கும் பரவிய பின்னர், 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் மருத்துவ ஆய்வாளரால் புதிய நச்சுயிரி என அடையாளம் காணப்பட்டது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹெண்ட்ரா என்னும் உறவு நச்சுயிரி குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்றிருந்ததால், மலேசியக் குதிரைகளின் இரத்தமும் சோதிக்கப்பட்டது. ஈப்போப் பகுதிக் குதிரைகள் இரண்டில் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அந்த மாதங்களில் லாயங்களில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டிகள் வந்தன. வௌவால் தின்றுபோட்ட ரம்புத்தானையும் மாம்பழத்தையும் விடிவதற்குள் பொறுக்கிப் புதைப்பது சைஸ்களின் புதிய வேலையாயிற்று. யாரும் பணிக்காமலே அந்த வேலை பின்னரும் பல லாயங்களில் தொடர்ந்தது.

ஆகவே, 2020 மார்ச்சில் நாடு மூடப்பட்டபோது, லாயத்தில் திகைப்பு எழுந்தது நோயைப் பற்றி அன்று, போக்குவரத்தைப் பற்றி. வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது என்ற விதி, தைப்பிங்கில் குடியிருந்துகொண்டு ஈப்போவிலோ பத்து காஜாவிலோ குதிரை பார்த்தவர்களை ஒரே இரவில் இரண்டிலொன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்தது. குதிரையைக் கொட்டடியில் பூட்டிவிட்டுப் போக முடியாது. நாள்முழுதும் நின்றபடியே இருக்கும் குதிரைக்குக் கால் வீங்கும், குடல் இறுகி வயிற்றுவலி வரும், அந்த வயிற்றுவலியே அதன் உயிரை வாங்கக்கூடும். எனவே பலர் துணிமூட்டையோடு லாயத்துக்கே போய்த் தங்கிவிட்டார்கள். இதை எழுதுபவர் அப்போது தைப்பிங்கின் புறநகரில் இருந்த ஒரு சிறு குதிரையேற்ற மன்றத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தார். அங்கே இருந்த பதினான்கு குதிரைகளுக்கு நான்கு சைஸ்கள். உரிமையாளர்களும் சவாரி பழகும் பிள்ளைகளும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட, அந்த நால்வரே குதிரைகளைக் காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்தினார்கள். முதல் மூன்று மாதங்களில் அவர்களில் எவரும் தைப்பிங் சந்தைக்குக்கூடப் போகவில்லை. தீனி மூட்டையும் அரிசியும் காய்கறியும் வாசல் தூணடியில் இறக்கப்பட்டு, வண்டி போன பிறகே எடுக்கப்பட்டன.

குதிரைகளை இன்னொரு நோயும் அதே மாதங்களில் தேடி வந்தது. தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமா மாநிலத்தில் 2020-இன் தொடக்கத்தில் குதிரைகள் திடீரெனச் சாகத் தொடங்கி, அது ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று மார்ச் இறுதியில் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாததும், குதிரையிலிருந்து குதிரைக்கு நேரடியாகப் பரவாததும், கூலிகோய்டிஸ் எனப்படும் கண்ணுக்கு எளிதில் படாத கடிப்பூச்சியால் பரவுவதுமான இந்நோய், தென்கிழக்காசியாவில் அதுவரை காணப்படாதது. பழக்கமில்லாத குதிரைகளில் பத்தில் ஒன்பதைக்கூடக் கொன்றுவிட வல்லது. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. செப்டம்பரில் மலேசியாவின் திரெங்கானுவிலும் அது அறிவிக்கப்பட்டது. 2008-இல் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டியை, அதாவது 160 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்கும் போட்டியை, நடத்திய மாநிலம் அது.

இரண்டு விதித்தொகுதிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது இங்கேதான். மனிதருக்கான விதி, கதவுகளைத் திறந்து வையுங்கள், காற்று ஓடட்டும் என்றது. குதிரைக்கான விதியோ, கடிப்பூச்சி அந்தியிலிருந்து விடியல்வரை பறப்பதால், பொழுது சாய்வதற்குள் குதிரைகளை உள்ளே கட்டி நெருக்கமான வலையால் லாயத்தை மூடுங்கள் என்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் தைப்பிங்கில், புக்கிட் லாருட் மலையிலிருந்து இறங்கும் ஈரத்தில், பூச்சி இல்லாத மாலையே கிடையாது. வலைக்குள்ளே குதிரைகளின் மூச்சும் சிறுநீரின் நெடியும் சேர்ந்து புழுங்க, நால்வரும் முகக்கவரியோடு நின்று வேலைபார்ப்பது ஆகாத காரியமாயிற்று. அந்த முட்டுக்கட்டையை அவிழ்த்தவர் அங்கிருந்த மூத்த சைஸ். மனிதர் செய்யும் வேலைகளையெல்லாம் மாலை ஐந்தரைக்குள் திறந்த லாயத்தில் முடித்துவிட்டு, வலை இறங்கிய பிறகு ஒரே ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் பார்த்து வருவது என்று அவர் முறை வகுத்தார். அன்று உள்ளே போகும் ஆளின் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் தூணில் எழுதினார். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத அந்த ஏற்பாடு இரு விதிகளையும் மீறவில்லை. இதைப் பதிவுசெய்வது இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

ஜூன் 10 முதல் மீட்சிக்கான நடமாட்டக் கட்டுப்பாடு என்ற தளர்வு வந்தது. பார்வையாளர் இல்லாமல் போட்டி நடத்தலாம் என்ற நிலையில், செப்டம்பரில் அந்த மன்றத்தில் ஒரு சிறிய தடைதாண்டல் போட்டி நடந்தது. தடைதாண்டல் என்பது, வரிசையாக நட்ட கழித்தடைகளைக் குறித்த நேரத்துக்குள், கழி விழாமல் குதிரையோடு தாண்டி முடிக்கும் போட்டி. பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் அவ்வாண்டு ஜூலை 1 முதல், போட்டி நடத்துவோர் தொற்று அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற கொள்கையை நடைமுறைப்படுத்தியிருந்தது. உள்ளூர்ப் போட்டிகளும் அந்த வழியையே பார்த்து நடந்தன. ஒரு குதிரைக்கு ஒரு சவாரியாளர், ஒரு சைஸ், ஒரு பயிற்சியாளர். அதற்குமேல் ஒருவர்கூட உள்ளே வரக் கூடாது. வாசலில் மைசெஜாத்ரா என்னும் அரசின் வருகைப்பதிவுச் செயலியில் பதிவு. கைப்பேசி இல்லாதவர்களுக்குப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வந்த சைஸ்களில் பாதிப்பேரிடம் செயலி ஓடக்கூடிய கைப்பேசி இல்லை. இருந்தவர்களிடமும் இணையக் கட்டணம் தீர்ந்திருந்தது. ஆகவே பள்ளிக்கூட நோட்டு ஒன்றை விரித்து, இடப்பக்கத்தில் மனிதர் பெயர், தொலைபேசி எண், வெப்பம் என்றும், நோட்டு வேறு கைவசம் இல்லாததால் அதே நோட்டின் வலப்பக்கத்தில் குதிரையின் பெயர், வெப்பம் என்றும் எழுத எழுதுபவர் முடிவுசெய்தார். சுகாதார விதிப்படி 37.5 பாகைக்கு மேல் போகும் மனிதர் திருப்பி அனுப்பப்பட வேண்டும். குதிரைக்கோ அந்த எண்ணில்தான் இயல்பே தொடங்குகிறது. வெயிலில் லாரியை விட்டு இறங்கி வந்த ஒரு இளைஞருக்கு 37.8 காட்டியது. அவரோடு வந்த குதிரைக்கும் 37.8. இளைஞரை வேப்பமரத்தடியில் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து மீண்டும் பார்த்தபோது 36.7-க்கு இறங்கியது. அந்தப் பதினைந்து நிமிடமும் குதிரையை யாரிடமும் ஒப்படைக்க மனமில்லாமல் அவர் கயிற்றை நீளவிட்டுப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். குதிரை அவர் தோளுக்குமேல் தலையை நீட்டி வேப்பிலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

விதிகளில் சில லாயத்தின் வேலையோடு பொருந்தவேயில்லை. சவாரியாளரின் இடது முழங்காலைப் பிடித்து உந்திச் சேணத்தில் ஏற்றிவிடுவது சைஸின் அன்றாட வேலை; அதை ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் செய்ய முடியாது. மூன்றுபடி மரப்பெட்டிகள் செய்து வைக்கப்பட்டன. முதல் நாளில் குதிரைகள் பெட்டியைக் கண்டு மிரண்டன, இரண்டாம் நாளில் பழகிவிட்டன. முகக்கவரி இன்னொரு சிக்கல். குதிரை மனிதரின் குரலையும் முகத்தையும் சேர்த்தே படிக்கிறது. வாயை மூடிய துணிக்குப் பின்னிருந்து வரும் அதட்டலுக்கு அது காதை முன்னே நிமிர்த்தி, யார் என்று தேடுவதுபோலப் பார்க்கும். ஏறும்வரை கவரி, ஏறியபின் கழற்றலாம் என்று பின்னர் ஒரு வழி ஏற்பட்டது. கைத்தூய்மியிலும் தொல்லை இருந்தது. அதன் ஆல்கஹால் கடிவாளத்தின் தோல்வாரை வெளுக்க வைத்து வெடிக்கச் செய்ததால், சைஸ்கள் அதை ஒதுக்கிவிட்டுச் சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்கே திரும்பினார்கள். அவர்கள் செய்ததே முறை. சோப்பு கிருமியையும் போக்கும், தோலையும் காக்கும்.

கெட்டுப்போகவிருந்த ஒரு காரியமும் நடந்தது. போட்டிக்கு முந்திய நாள் கிருமிநாசினி தெளிக்க வெளியாள் ஒருவர் முதுகில் இயந்திரத்தோடு வந்தார். குதிரைகளை வெளியேற்றிவிட்டுத் தெளிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எழுதுபவருடையது. வாசல் வேலையில் மூழ்கி அவர் அதைச் சொல்ல மறந்தார். இயந்திரம் சீறிப் புகையைக் கக்கியதும் நடுக் கொட்டடியில் இருந்த சாம்பல் நிறப் பெண்குதிரை பின்னங்காலில் எழுந்து, கட்டியிருந்த கயிறு கழுத்தை இறுக்க, மீண்டும் மீண்டும் சுவரில் மோதியது. மூத்த சைஸ் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. கையை மட்டும் தாழ்த்திக் காட்டிவிட்டு, கவரியை இறக்கி, அந்தக் குதிரைக்குப் பழகிய மெல்லிய சீட்டியை அடித்துக்கொண்டே போய் முடிச்சின் வாலை இழுத்து ஒரே இழுப்பில் கயிற்றை அவிழ்த்தார். கவரியை இறக்கியது விதிமீறல். குதிரை பிழைத்தது அதனால்தான். வலக்கண்ணுக்கு மேலே தோல் கிழிந்து மூன்று தையல் போட வேண்டியிருந்தது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எழுதுபவருக்குத் தம் மறதி நினைவுக்கு வருகிறது.

போட்டி நாளன்று மாலை மூன்று மணிக்குத் தைப்பிங்கின் வழக்கமான மழை இடியோடு இறங்கியது. தரையில் ஒட்டியிருந்த ஒரு மீட்டர் அடையாள நாடாக்கள் நீரில் மிதக்க, சவாரியாளர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஒரே தகரக் கொட்டகைக்குள் தோளோடு தோளாக ஒண்டிவிட்டார்கள். காலையிலிருந்து கட்டிக்காத்த இடைவெளி அரை நிமிடத்தில் போய்விட்டது. வெளியே, நெகிழித் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, குதிரைகளைப் பிடித்தபடி சைஸ்கள் நின்றார்கள். இடிக்கு மிரளும் குதிரை பக்கத்துக் குதிரையை உதைத்துவிடும் என்பதால், குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு குதிரை நீளம், அதாவது எட்டடியளவு, இடம்விட்டு நிற்பது அவர்கள் பிறவியிலேயே கற்றதுபோன்ற வழக்கம். சுகாதார அமைச்சு கேட்டதைவிட இருமடங்குக்கும் மேலான இடைவெளியில், கொட்டும் மழையில், ஒன்பது பேர் ஒன்பது குதிரைகளோடு ஒரு நேர்க்கோட்டில் நின்ற காட்சி எழுதுபவரின் மனத்தைவிட்டு இன்றும் அகலவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் விரைந்து சொல்லத் தக்கவை. நவம்பர் 9 முதல் பேராக் மீண்டும் நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 14-ஆம் தேதி தீபாவளியை நால்வரும் லாயத்தில் கழித்தார்கள், வீட்டிலிருந்து வந்த முறுக்கு டின் வாசல் தூணடியில் வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் முழுக் கட்டுப்பாடு திரும்பியது. மார்ச்சில் விதிமீறலுக்கான தண்டம் 10,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. மாதம் அதில் கால்பங்கும் வாங்காத ஆள்களுக்கு இது எத்தகைய அச்சத்தைத் தந்தது என்பதை, ஈப்போ சாலையின் தடுப்புச் சாவடியில் அனுமதிக் கடிதத்தை நெகிழி உறையிலிட்டு நெஞ்சோடு அணைத்தபடி நின்றவரைப் பார்த்தவர்களே அறிவார்கள். கடிதத்தில் லாயத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் போதும், திரும்ப வேண்டியதுதான். போட்டிகளில் விதி கடைப்பிடித்ததற்கான பாராட்டு நடத்துவோருக்கும் சவாரியாளருக்கும் போனது. அதற்கான உழைப்பும் அச்சமும் சைஸ்களின் பங்காயிற்று. இது அநீதி என்பதை வெளிப்படையாகச் சொல்வதில் எழுதுபவருக்குத் தயக்கமில்லை.

அந்த ஆண்டின் பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தடைதாண்டல் தொடரில் குதிரை ஹெர்ப்பீஸ் நச்சுயிரியின் நரம்பைத் தாக்கும் வகை வெடித்து, 18 குதிரைகள் இறந்தன. சம்மேளனம் மார்ச் 1 முதல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் போட்டிகளை நிறுத்தி, ஏப்ரல் 11 வரை அத்தடையை நீட்டித்தது. மறுபடி தொடங்கியபோது வந்த விதிகளில் முதன்மையானவை: ஒவ்வொரு குதிரைக்கும் நாளுக்கு இருமுறையேனும் வெப்பம் பார்த்துப் பதிய வேண்டும், 38.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், பார்வையாளர் அற்ற திடலில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா தம் குதிரை செய்ன்யூர் மெடிகாட்டோடு மூன்று பகுதிப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை சென்றதை, நால்வரும் ஒரே கைப்பேசியைத் தீனித்தொட்டியின் விளிம்பில் சாய்த்துவைத்து, எட்டி எட்டி நின்று பார்த்தார்கள். வலென்சியாவுக்குப் பின் வந்த விதியை எழுதுபவர் அவர்களுக்குப் படித்து விளக்கியபோது, "நாளுக்கு ரெண்டு வாட்டியா, நம்ம எப்பவும் செய்யறதுதானே தம்பி, அதுக்கு எதுக்கு புதுசா தாளு?" என்று மூத்தவர் கேட்டார். அவர் குரலில் பெருமை இல்லை, உண்மையான வியப்பே இருந்தது.

2021 அக்டோபர் 11 அன்று மாநில எல்லைகள் திறந்தன. 2022 ஏப்ரல் 1 முதல் நாடு எண்டமிக் கட்டத்துக்கு, அதாவது நோயோடு வாழப் பழகும் நிலைக்கு, மாறியது. வாசலில் இருந்த மேசை உள்ளே போயிற்று. குதிரை உலகம் அதன் பின் வேறு விதமாகச் சுருங்கியது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் மன்றத்தின் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்றும், 1864-இல் தொடங்கிய பினாங்கு மன்றத்தின் பந்தயம் 2025 மே 31 அன்றும் முடிவுக்கு வந்தன; அங்கே வேலைபார்த்தவர்களில் சிலர் ஈப்போவுக்கு வந்தார்கள், பலர் தொழிலையே விட்டார்கள். தைப்பிங் புறநகரின் அச்சிறு மன்றமும் குதிரைகளை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டது. பதிவேடு இப்போது எழுதுபவரிடம் இருக்கிறது. 2022 மார்ச் 31-க்குப் பிறகு அதன் இடப்பக்கங்கள் வெறுமையாக இருக்க, வலப்பக்கங்களில் மூத்த சைஸின் கையெழுத்தில், காலையும் மாலையும், கடைசிக் குதிரை லாரியில் ஏறிய நாள்வரை எண்கள் தொடர்கின்றன. சாம்பல் நிறப் பெண்குதிரைக்கு அன்று காலை 37.9, தீனி முழுதும் தின்றது என்று எழுதியிருக்கிறது.